முப்பது ஆம்பியர்

முதலில் விலையைத்தான் பார்த்தேன்.
பொய் சொல்வானேன்,
நிறத்தையும் பார்த்தேன்.
நீலம் ஒன்று, மஞ்சள் ஒன்று,
பேர் வாயில் நுழையாத கம்பனியின் சிவப்பு ஒன்று.
சிவப்புத்தான் மலிவு.

ஓஷவாவில் ஜனவரி.
காரை வெளியே பனிக்குக் கொடுத்துவிட்டுக்
கராஜுக்குள் நான் குடியேறி இது இரண்டாம் வருஷம்.
ஒட்டத் தெரியும் எனக்கு.
வெட்டுவதுதான் பாடு:
கிரைண்டரோடு ஒரு முழச் சாய்கோட்டுக்கு
ஒரு பின்னேரம் போய்விடும்,
மூக்கைச் சிந்தினால் கரி.

"என்ன வெட்டப் போறாய்?"
அகிலேசன் கேட்டது ஒரே ஒருமுறை,
சோறு பிசைந்தபடி,
குற்றமாக அல்ல, சும்மா.
"டிரெய்லருக்கு ஒரு தட்டு" என்றேன்.
எங்களிடம் டிரெய்லர் இல்லை.

அரை அங்குலம் வெட்டும் என்று பெட்டியில் இருக்கும்.
அரை அங்குலத்தை அது வெட்டாது, கடிக்கும்.
வடிவாய் வெட்டுவது கால் அங்குலம்.
சொன்னதில் பாதியை நம்பு,
கலியாணத் தரகரிடம் நம்பியதுபோல.

பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் வேலை,
நாலு நிமிடம் ஆறவேணுமாம்.
வாசித்துச் சிரித்தேன்.
கார் இருக்கை தைக்கும் எங்கள் லைனில்
யார் கேட்டார்கள் அப்படி?

நாற்பது ஆம்பியரில் வெட்ட
இருநூற்று நாற்பது வோல்ட் வேணும்.
எங்கள் வீட்டில் அது அடுப்புக்குப் பின்னால் உண்டு,
கராஜ் சுவரின் மறுபக்கம்
உடுப்புக் காயவைக்கும் டிரையருக்குப் பின்னால் உண்டு.
புது வயர் இழுக்க எலெக்ட்ரிஷன் சொன்ன தொகையில்
சிவப்பில் இரண்டு வாங்கலாம்.
டிரையரின் முப்பது ஆம்பியர் போதும்.
துணியா தகடா,
ஒரு நேரம் ஒன்று.

பிறகுதான் காற்று.
மின்னல் உருக்கும்,
உருகியதை ஊதித் தள்ளுவது காற்று.
என்னுடைய கம்பிரசர் சைக்கிள் டயருக்கென்றே பிறந்தது,
நாற்பது விநாடியில் அதற்கு இளைக்கும்.
யானை வாங்கியவர்
அங்குசத்துக்குப் பேரம் பேசுவதா என்பார்கள்.
இங்கே அங்குசம் யானையைவிட விலை.
அந்தக் காற்றிலும் ஈரம் ஆகாது.
ஜூலையில் ஏரிக்கரை வியர்க்கும்போது
ஒரு துளி உள்ளே போனால்
நொசில் செத்தது.

சனிக்கிழமை விட்பிக்குப் போனேன்.
டெனிஸ் என்றொருத்தி,
விட்டுப்போன புருஷனின் நீல மெஷினையும்
அறுபது கலன் கம்பிரசரையும்
சேர்த்து விற்கிறாள்.
"தகட்டில் உரசினால்தான் பொறி வருமா,
தானாகவே எழும்புமா?" என்று கேட்டேன்.
துருவிலும் பெயின்ட்டிலும் அது முக்கியம்.
அவளுக்குத் தெரியவில்லை.
"சத்தம் போடும்" என்றாள்.
"அவன் உள்ளேதான் இருக்கிறான் என்பதை
அதை வைத்துத்தான் தெரிந்துகொள்வேன்."

மேசை இழுப்பறையில்
பிரிக்காத நொசில் ஐந்து, எலக்ட்ரோட் மூன்று.
அதே இலக்கம் இன்னும் கடையில் கிடைக்கிறது.
சிவப்புக்கு அப்படி ஒன்றுமில்லை.
அங்கேயே மனம் விழுந்துவிட்டது.

ஐம்பது டொலர் குறைத்தேன்.
கம்பிரசரை வானில் ஏற்ற
அவள் பனியில் செருப்போடு வந்து தோள் கொடுத்தபோது
அதைத் திருப்பிக் கொடுக்கலாமோ என்றிருந்தது.
கொடுக்கவில்லை.

ஞாயிறு இரவு டிரையரை நிறுத்தினேன்.
மிதுர்ஷாவின் ஹொக்கி உடுப்பு உள்ளே பாதி ஈரம்.
பெற்றோல் கானை வெளியே வைத்து,
தரையைக் கூட்டி,
ஐந்தாம் நம்பர் கண்ணாடி மாட்டி
விசையை அழுத்தினேன்.
முதலில் ஒரு சீறல்.
அப்புறம், புடவைக் கடையில்
முழம் போட்டுத் துணி கிழிக்கிற அந்தச் சத்தம்,
நீட்டி, நிற்காமல்.
பொறி நேர் கீழே கொட்டியது.
கோடு கொஞ்ச தூரம் சுண்ணாம்புக் கோட்டோடு போனது,
பிறகு என் முழங்கை போன பக்கம்.

தகடு இரண்டாய் விழுந்தது.

கதவிடுக்கில் அகிலேசன்.
"டிரெய்லருக்கா?"
"ஓம்."
"எந்தப் பாதி?"

உள்ளேயிருந்து மிதுர்ஷா,
தன் சொக்ஸ் ஏன் இன்னும் நனைந்திருக்கிறது என்று.